மேலாளர் அழித்த இரண்டு வரிகள்

நான் எழுதிய இரண்டு வரிகளை எங்கள் மேலாளர் அழித்தபோது அவருடைய இடது கையில் மோர் டம்ளர் இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே குனிந்து, வலது கையின் ஒரு விரலால் வேலையை முடித்துவிட்டு, "இப்பப் பாருங்க, எப்படிப் பளிச்சுனு இருக்கு!" என்றார். வேலைக்கு வந்த காலத்திலிருந்து மடையர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். தன் மடமையை இவ்வளவு ரசித்துச் செய்த ஒருவரை அவருக்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

காரைக்குடியில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மாடியில் இருந்த சிறிய மென்பொருள் நிறுவனம் அது. நாங்கள் விற்றது ஒரு ஏஐ ஏஜென்ட்; சொன்ன வேலையைக் கணினிக்குள் தானே யோசித்துச் செய்து முடிக்கும் மென்பொருள். அதற்குக் கண் கிடையாது. ஒரு கோப்புறைக்குள் என்னென்ன இருக்கிறது என்று அறிய, உள்ளே இருப்பவற்றின் பெயர்களைப் பட்டியலிட்டுத் தரும் சிறு கருவி ஒன்றைத்தான் அது நம்பியிருந்தது. அந்தக் கருவி எப்படிப்பட்டது என்று அந்த ஏஜென்ட் படித்துத் தெரிந்துகொள்ள ஒரு விளக்கம் வேண்டும். அதை எழுதுவது என் வேலை. கருவியை உருவாக்கியவர் என்னைவிட மூத்த பொறியாளர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா.

"தம்பி, டிஸ்க் பதில் சொல்ல லேட்டானா இது காத்திருக்காது, காலிப் பட்டியலக் குடுத்துரும். சரிபண்ண டைம் கேட்டேன், சார் தரல. நீங்களாவது அதத் தெளிவா எழுதிருங்க" என்று அக்கா சொல்லியிருந்தார். எழுதினேன். வட்டு தாமதித்தால் இந்தக் கருவி காலிப் பட்டியலைத் தரும். பட்டியல் காலியாக வந்ததை வைத்துக் கோப்புறையும் காலி என்று முடிவு செய்யாதே. அந்த இரண்டு வரிகளைத்தான் மேலாளர் எடுத்தார்.

"வாங்க வாரவுகள ஏன் இப்படிப் பயங்காட்டுறீக?"

"இத வாங்குறவங்க படிக்க மாட்டாங்க சார். ஏஜென்ட்தான் படிக்கும்."

"அப்ப அதுக்கும் ஒரு நம்பிக்கை வரணும்ல?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எடுத்த இடத்தில் 'முழுத் துல்லியம் கொண்ட உலகத்தரக் கருவி' என்று தன் கையாலேயே தட்டினார். ஒரு மென்பொருளிடம் போய் விளம்பரம் செய்த மனிதரை நான் நேரில் கண்டிருக்கிறேன். அவர் எழுதியதை அந்த ஏஜென்ட் அப்படியே நம்பியது.

கோவிலூர்ப் பக்கம் ஆசாரி ஒருவர் கதவுப் பட்டறை வைத்திருந்தார். கணினியில் வரைந்து எந்திரத்தில் வெட்டும் நவீனப் பட்டறை. கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய பெரிய வீடுகளுக்கெல்லாம் அவர் கதவுதான். கணினியில் குவிந்து கிடந்த காலிக் கோப்புறைகளை நீக்கச் சொல்லி, எங்களிடம் வாங்கிய ஏஜென்டை அவர் ஏவினார். வரைபடங்கள் இருந்த கோப்புறையை அது பார்க்கப்போன நேரத்தில் வட்டு தாமதித்தது. கருவி காலிப் பட்டியலைத் தந்தது. துல்லியமான கருவி சொன்னால் மறுபேச்சு உண்டா? அத்தனை வருட வரைபடங்களும் போயின.

மறுநாள் ஆசாரி அலுவலகத்துக்கு வந்தார். கத்தவில்லை, உட்காரவும் இல்லை. மேலாளர் அவருக்குக் காபி வரவழைத்துவிட்டு, அக்காவைக் கை காட்டினார். "இவங்க செஞ்ச கருவிலதான் தப்புங்க. இன்னைக்கே நடவடிக்கை எடுத்துர்றேன்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "சார், அத எச்சரிச்சு ரெண்டு வரி எழுதியிருந்தோம். எடுத்தது நீங்க" என்றேன்.

"எந்த ரெண்டு வரி?" என்றார்.

அவர் நடிக்கவில்லை. உண்மையிலேயே நினைவில்லை. பொய் சொல்லியிருந்தால்கூட அவர்மேல் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். பொய் சொல்வதற்கும் நடந்தது மனதில் இருக்க வேண்டுமே.

ஆசாரி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆகக்கூடி, தெரிஞ்சேதான் குடுத்திருக்கீக" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். காபி அப்படியே ஆறியது.

அன்று மாலையே அக்கா பட்டறைக்குக் கிளம்பினார், நானும் போனேன். வெட்டும் எந்திரத்தின் நினைவகத்தில் கொஞ்சம் வரைபடங்கள் தங்கியிருந்தன. மற்றவற்றுக்கு ஒரே வழிதான் இருந்தது. ஏற்கெனவே மாட்டிய கதவுகளை வீடு வீடாகப் போய் அளந்தோம். ஆசாரி ஒரு முனையிலும் நான் மறுமுனையிலும் டேப்பைப் பிடிக்க, அக்கா தரையில் மடிக்கணினியை வைத்து வரைந்தார். முதலில் எங்களோடு பேசாமலே இருந்த ஆசாரி, பிறகு ஒருநாள் வேலைக்கு நடுவே, "எங்க பட்டறைக்கே வந்துருங்கம்மா" என்று அக்காவிடம் சொன்னார். பாதிக்கு மேல் மீண்டது. மீதி போனது போனதுதான். அந்த நாட்களில் எங்கள் மேலாளர் குளிர்சாதன அறையில் கூட்டம் போட்டு, நடந்ததற்கு 'கற்றல் வாய்ப்பு' என்று பெயர் சூட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா வேலையை விட்டு ஆசாரியின் பட்டறையிலேயே வரைபடப் பிரிவைப் பார்க்கப் போனார். நானும் வேறு இடம் தேடிக்கொண்டேன். மேலாளரோ பதவி உயர்ந்து சென்னைக்குப் போனார். இப்படிப்பட்டவர்கள் எப்போதும் மேல்நோக்கித்தான் விழுகிறார்கள்.

சென்ற மாதம் காரைக்குடியிலேயே ஒரு கல்லூரி விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தார். அக்காவும் நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு வாடிக்கையாளரின் வரைபடங்கள் அழிந்த கதையை உருக்கமாகச் சொன்னார். "நானே டேப் எடுத்துட்டு வீடு வீடாப் போய் ஒவ்வொரு கதவையும் அளந்தேன்" என்றார். மாணவர்கள் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்த அமைதியில் அக்கா சிரித்தார். அடக்கப் பார்க்காத, வாய்விட்ட சிரிப்பு. அரங்கமே திரும்பியது. மேடையில் இருந்தவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்தார். இந்த முறை அவருக்கு நினைவு வந்துவிட்டது. ஒலிவாங்கியைப் பிடித்தபடி வாயைத் திறந்தார், மூடினார்.

"வாங்க தம்பி, போவோம். எனக்குப் பட்டறைல வேல கெடக்கு" என்று அக்கா எழுந்தார்.