சர்வேயர் வரும்வரை ஊசி கிடையாது

"…சர்வேயர் வந்து பாத்து, நாலு போட்டோ புடிச்சாத்தானுங்க கிளைமு செல்லும். அதுவரைக்கும் என் காலுல ஒருத்தரும் கை வெக்கக் கூடாது!"

திருச்செங்கோட்டுப் பக்கத்து லாரி முதலாளி ஒருவர், எங்கள் தாலுகா அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சட்டம் பேசினார். எண்பதுகளின் பின்பாதி. நான் அங்கே காம்பவுண்டர். ஷெட்டில் பழைய டயர் அடுக்கைப் புரட்டும்போது கண்ணாடி விரியன் அவர் கணுக்காலில் கடித்திருந்தது. கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது.

மனிதர்களுக்கும் மருத்துவ பாலிசி போடச் சொல்லி ஏஜெண்டுகள் ஊருக்குள் வர ஆரம்பித்திருந்த சமயம். முதல் ஆளாகப் போட்டுக்கொண்டு, "இனி அந்தத் தர்மாஸ்பத்திரி வாசலை நாம ஏனுங்க மிதிக்கோணும்?" என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்தவர் இவர். பாலிசி போட்ட உடம்புக்கு வியாதிகூட மரியாதையாக வரும் என்று நினைப்பு. கடிபட்டதும் நேரே நர்சிங் ஹோமுக்குத்தான் போனார். அங்கே ஏசி இருந்தது, டிவி இருந்தது, மீன்தொட்டி இருந்தது. விஷமுறிவு ஊசி மட்டும் இல்லை. சீட்டு எழுதி இங்கே தள்ளிவிட்டார்கள்.

ஊசி எங்களிடம் இருந்தது. போட விட்டால்தானே! விபத்தான லாரியை இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் வந்து சேதத்தைப் பார்க்குமுன் நகர்த்தினால் கிளைம் போய்விடும். பட்டறைக்காரன் ஒரு நட்டைக்கூடத் தொடமாட்டான். லாரித் தொழிலில் ஊறிய அந்த மூளை, உடம்புக்கும் அதே சட்டம்தான் என்று முடிவு கட்டிவிட்டது.

"ஏனுங்க, உசுரு போயிட்டா சர்வேயரு என்னத்தைப் போட்டோ புடிப்பாரு?" என்று அவர் சம்சாரம் அழுதுகொண்டே கேட்டார்.

"நீ சும்மா இரு புள்ள. இன்சூரன்ஸைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

டாக்டரம்மா வாதாடவில்லை. "காம்பவுண்டரே, கையில கொஞ்சம் ரத்தம் எடுங்க. கால்ல கை வெக்க வேண்டாம்" என்றார்.

எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, அவர் கண்ணெதிரே ஜன்னலில் வைத்தேன். நல்ல ரத்தம் இருபது நிமிஷத்தில் தயிராட்டம் உறைந்துவிடும். விரியன் விஷம் ஏறிய ரத்தம் உறையாது. சட்டம் பேசுகிறவர்களிடம் அன்றைக்குப் பிறகு நான் வாய் கொடுத்ததே இல்லை, குழாயைத்தான் காட்டுவேன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும் அப்படியே செய்யுங்கள்.

இருபது நிமிஷம் கழித்து டாக்டரம்மா குழாயைச் சாய்த்தார். தண்ணீர் மாதிரி ஓடியது.

"பாத்துக்குங்க. இனி உள்ளுக்குள்ள எங்க வேணும்னாலும் ரத்தம் கசியும். உங்க சர்வேயரு எத்தனை மணிக்கு வர்றாருங்க?"

முதலாளி குழாயைப் பார்த்தார். ஈறில் கசிந்த ரத்தத்தைத் துண்டால் துடைத்து, அந்தத் துண்டையும் பார்த்தார். பிறகு சம்சாரத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வார்டுக்குள் போனார். காலிக் கட்டில் ஒன்றும் இல்லை. மரவள்ளி மூட்டை தூக்குகிற ஆள் ஒருவர் காய்ச்சலோடு படுத்திருந்த கட்டிலருகே போய் நின்று, "சித்தெ தள்ளிப் படு சாமி" என்று கெஞ்சி, அவர் விட்ட அரை அடி இடத்தில் ஒருக்களித்துப் படுத்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு எங்கள் பக்கம் கையை நீட்டினார்.