‘எல்லாரும்’ என்று எழுதிய கை

மனு எழுதுவது லேசான தொழில், சொன்னதை எழுதினால் போதும் என்று நம்பித்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் கண்டிக் கச்சேரி என்னும் அரசாங்க அலுவலக வாசலில் மேசை போட்டேன். ‘எல்லாம்’, ‘மட்டும்’ போன்ற சின்னச் சொற்களிடம் உதை வாங்கியிருக்கும் பேனாக்கார நண்பர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

பன்னிரண்டு பிள்ளைகள்

புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் செல்லாயி ஒருநாள் ஓடிவந்தாள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல், மருந்தில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. மனு உறைக்க வேண்டாமா? ‘லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் காய்ச்சலில் கிடக்கிறார்கள்’ என்று வீராவேசமாக எழுதிவிட்டேன்.

மனு வேலை செய்தது! நாலாம் நாளே ஒரு மருத்துவத் துரை தோட்டத்துக்குப் போனார். லயத்து வாசலில் இரண்டு பிள்ளைகள் கோழி துரத்தி விளையாடிக்கொண்டிருந்தன. “பொய் மனு” என்று சொல்லி, வந்த வழியே திரும்பினார். செல்லாயி பாதையில் குறுக்கே நின்று, கையைப் பிடிக்காத குறையாக அவரை உள்ளே அழைத்துப்போய் ஒவ்வொரு பிள்ளையாக எண்ணிக் காட்டினாள். அன்றே மருந்து வந்தது. பிள்ளைகள் பிழைத்த சேதியோடு என்னிடம் வந்தவள் சொன்னாள்: “நான் பன்னெண்டுன்னுதானேங்க சொன்னேன்? நீங்க போட்ட அந்த ஒரு சொல்லால பன்னெண்டையும் விட்டுட்டுப் போகப் பாத்தாரு தொரை!”

அநேகமாகச் சம்மதம்

அதன் பிறகு எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எதை எழுதினாலும் ‘பெரும்பாலும்’, ‘ஒருவேளை’ என்று முட்டுக்கொடுத்தே எழுதினேன். கம்பளையில் துணிக்கடை வைத்திருந்த காசிம் நானா, மகளைக் கேட்டு வந்தவர்களுக்குச் சம்மதக் கடிதம் எழுதச் சொன்னார். ‘எங்கள் வீட்டில் அநேகமாக அனைவருக்கும் சம்மதம்’ என்று எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் மூச்சிரைக்க வந்து நின்றார்: “என்ன ஐயா செஞ்சி வச்சீங்க! அநேகமா குடுக்கிற பொண்ணுக்கு, அநேகமா வந்து நிக்கிற மாப்பிள்ள போதுமாண்டு கேக்கிறாங்க!”

மட்டும்தானா?

பிலிமத்தலாவையில் சுருட்டுக்கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து முதலாளி ஒருவர், தம் தங்க மணிக்கூடு களவு போனதாகப் பொலிசுக்கு முறைப்பாடு எழுத வந்தார். சமையல்காரன் வீரனையும் இழுத்து வந்திருந்தார். “அலுமாரித் திறப்பு வீரனிட்டை மட்டும்தான் இருக்கும். எழுதும்” என்றார்.

திறப்பு என்று அவர் சொன்ன சாவியை எழுதிவிட்டேன்; ‘மட்டும்’ என்ற இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. “மட்டும்தானா?” என்றேன். “ஓம் எண்டு சொல்லுறன், எழுதுமன்!” “உங்கள் வீட்டில் தங்கியிருந்த தம்பியைப் போன வாரம் கடையில் கண்டேனே, அவர் திறப்பைத் தொடவே இல்லையா?” முதலாளி விரல் விட்டு நாளை எண்ணினார். தம்பி முந்தாநாள்தான் ஊருக்கு ரயிலேறியிருந்தார். இருவரும் தபால் கந்தோருக்கு ஓடித் தந்தி அடித்தோம். வீரன் மரத்தடியில் தலை குனிந்தே நின்றான். பின்னேரம் பதில் வந்தது: ‘மணிக்கூடு என்னிடம். கலியாணத்துக்குக் கட்ட எடுத்தேன்.’

நான் துள்ளிக் குதிக்காத குறை! முதலாளி கண் கலங்கி, “வீரா, மன்னிச்சுக்கொள். திறப்பு இனியும் உன்னட்டைத்தான்” என்று நீட்டினார். வீரன் கையை நீட்டவில்லை. “வேணாங்க மொதலாளி. வீட்டுல இருக்கிற எல்லாருகிட்டயும் ஆளுக்கு ஒரு சாவி குடுத்துட்டு, கடைசியா எனக்கும் ஒண்ணு குடுங்க” என்றான்.

இவ்வளவு பட்டு ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து நான் எழுதினாலும், என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும், மன்னிக்கவும், வருகிறவர்களில் பலர், என் கையெழுத்தின் அழகைத்தான் புகழ்கிறார்கள்.