கேட்டால் மட்டும் சொல்லும் ஹார்ட் டிஸ்க்

தெருவில் அவளுக்கு 'ஏன் அக்கா' என்று பெயர். யார் வைத்தார்களோ தெரியாது, பெற்றவர்கள் வைத்த பெயர்கூட அவளுக்கு இத்தனை பொருந்தவில்லை. பால் ஏன் பொங்குகிறது, தண்ணீர் ஏன் அப்படிப் பொங்குவதில்லை, லிஃப்ட் ஏன் மூன்றாவது மாடியில் மட்டும் குலுங்குகிறது என்று கேட்டே எதிராளியின் உயிரை எடுத்துவிடுவாள். பதில் தெரியாதவர்கள் எப்படியாவது நழுவிவிடுவார்கள். தெரிந்தவர்கள்தான் பாவம், இரண்டாவது 'ஏன்' வரும்போது வசமாக மாட்டிக்கொள்வார்கள்.

கல்யாண வீடியோ எடுப்பதும், அதை வெட்டி ஒட்டிப் படமாக்கிக் கொடுப்பதும் அவள் தொழில். துணி காயப்போடும் பால்கனியை அடைத்து ஓர் அறையாக்கியிருந்தாள். அங்கே ஒரு கம்ப்யூட்டர், இரண்டு திரை, ஒரு மின்விசிறி. மின்விசிறி கம்ப்யூட்டரைப் பார்த்துச் சுற்றும். அவள் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பழைய கம்ப்யூட்டர் ஏன் இப்படி ஊர்கிறது என்று ஒருநாள் ஆராயப்போய், கடைசியில் விண்டோஸை விட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கே மாறிவிட்டிருந்தாள்.

ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன் உடம்பைப் பற்றித் தானே குறித்து வைத்துக்கொள்கிறது என்று அவள் எங்கோ படித்தது அப்புறம்தான். இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, சூடு எவ்வளவு, எத்தனை இடங்களைப் படிக்க முடியாமல் திணறுகிறது, எல்லாம் அதற்குத் தெரியுமாம். ஆனால் யாராவது கேட்டால்தான் சொல்லுமாம். பஸ் ஓட்டும் தன் புருஷனைத்தான் அவள் நினைத்துக்கொண்டாள். மூட்டு வீங்கிப் படியேற முடியாமல் போகும்வரை அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லையே!

விடுவாளா? டிஸ்க்குகளைக் காவல் காக்கும் நிரலை அன்றைக்கே நிறுவினாள். எல்லா டிஸ்க்கையும் அவ்வப்போது விசாரி, தினமும் ஒரு சின்னச் சோதனை, வாரம் ஒருமுறை முழுச் சோதனை, ஏதாவது கோளாறென்றால் என் மெயிலுக்குச் சொல் என்று அதன் அமைப்புக் கோப்பில் வரிவரியாக எழுதினாள். ஒத்திகைக்கு ஒரு மெயில் அனுப்பச் சொன்னாள். வரவில்லை. ஏன் வரவில்லை? கம்ப்யூட்டருக்கு வெளியே மெயில் அனுப்பும் வழியே இல்லை, உள்ளுக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதையும் சரிசெய்தாள். போன் 'டிங்' என்றபோது, ஒத்திகை மெயிலுக்குப் போய்க் கைதட்டிக் குதித்தவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

நிஜ மெயில் ஒரு விடுமுறை நாள் காலையில் வந்தது. 'எஸ்டிபி'யில் படிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன என்றது.

கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க். முதலாவது 'எஸ்டிஏ', இரண்டாவது 'எஸ்டிபி'. அந்த இரண்டாவதில்தான் நாத்தனாரின் கல்யாண வீடியோ இருந்தது. ஊருக்கெல்லாம் படம் செய்து கொடுத்தவள் சொந்த நாத்தனாருக்கு இன்னும் கொடுக்கவில்லை. வெளியாள் காத்திருக்கமாட்டார், வீட்டு ஆள் எங்கே போய்விடப்போகிறார் என்று தள்ளிப்போட்டாள். அதற்குள் மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் நடப்பதும் பேசுவதும் அந்தப் படத்தில் மட்டும்தான் இருந்தது. அதன்பிறகு அந்த ஃபோல்டரைத் திறக்கவே அவளுக்கு மனசு வரவில்லை. எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துவைப்பவள் அதைமட்டும் எடுக்காமலே விட்டிருந்தாள். மகளுக்குச் சேரவேண்டிய அப்பாவைத் தன் சோம்பலால் தொலைக்கப்போகிறோமே என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

நாத்தனார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மறைக்காமல் போனில் சொன்னதும், வீட்டில் போட்டிருந்த செருப்போடே வந்துவிட்டாள்.

"திட்டணும்னா திட்டிடு," என்றாள் ஏன் அக்கா.

"அப்புறம் திட்டறேன் அண்ணி. முதல்ல அப்பாவை வெளியில எடுங்க."

ஏன் அக்கா கம்ப்யூட்டரை அணைத்து, வாங்கி வைத்திருந்த புது டிஸ்க்கை உள்ளே பொருத்தி மறுபடி எழுப்பினாள். திரையில் இப்போது மூன்று பெயர்கள். புதிதாக வந்திருப்பது 'எஸ்டிசி'. பழைய எஸ்டிபியில் இருப்பதை அப்படியே எஸ்டிசிக்கு எழுது என்று கட்டளையைத் தட்டினாள். எண்டரை அமுக்கவேண்டியதுதான் பாக்கி.

"அண்ணி, இதுதான் அந்தக் கெட்டுப்போன டிஸ்க்குன்னு எப்படித் தெரியும்?"

"மெயில்ல பேர் போட்டு வந்திருக்கே. எஸ்டிபி."

"அந்தப் பேரை யாரு வெச்சது?"

"கம்ப்யூட்டர்தான். எது முதல்ல கண்ணுல படுதோ அதுக்கு ஏ, அடுத்ததுக்கு பி..."

"அப்போ அது பேர் இல்ல அண்ணி, கட்டில் நம்பர். எங்க வார்டுல கட்டில் நம்பரைப் பார்த்து ஊசி போட்டா வேலை போயிடும். நேத்து அந்தக் கட்டில்ல இருந்தவர் இன்னிக்கு அடுத்த கட்டில்ல இருப்பார். கையில கட்டியிருக்கற பட்டையைத்தான் பார்ப்போம். இதுக்கு அப்படி ஒண்ணும் கிடையாதா?"

கேள்வி கேட்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்றிருந்தவள் எண்டரிலிருந்து விரலை எடுத்தாள். இருந்தது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தொழிற்சாலையிலேயே ஒட்டிய வரிசை எண் இருக்கிறது. தட்டிவைத்த கட்டளையை அழித்துவிட்டு, எஸ்டிபியிடமே அதன் எண்ணையும் உடல்நிலையையும் கேட்டாள். படிக்க முடியாத இடம் ஒன்றுகூட இல்லை. இதுவரை ஓடிய நேரம்: பூஜ்யம்.

"பிறந்த குழந்தை," என்றாள் நாத்தனார், எட்டிப் பார்த்து.

அதுதான் புது டிஸ்க். எழுப்பும்போது வரிசை மாறி, நோயாளி எஸ்டிசி ஆகிவிட்டிருந்தது. எண்டரை அமுக்கியிருந்தால், ஒன்றுமே இல்லாத டிஸ்க்கை எடுத்துக் கல்யாணத்தின்மேல் எழுதியிருக்கும். ஏன் அக்கா நாற்காலியை விட்டு எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு வந்தாள்.

இந்த முறை வரிசை எண்ணை ஒவ்வோர் இலக்கமாக நாத்தனார் வாசிக்க, அவள் சரிபார்த்துத் தட்டினாள். நகலெடுக்கும் நிரல் நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, திணறும் இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய்க் கெஞ்சியது. இருவரும் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல், திரையில் ஏறும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் டிஸ்க் 'டக் டக்' என்றது. நாத்தனார் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். வெயில் தாழும்போது வேலை முடிந்தது. எங்கோ சில துணுக்குகள் போயின, மற்றதெல்லாம் வந்துவிட்டது.

"போடுங்க அண்ணி. இப்பவே பார்க்கணும்."

வாசலில் விருந்தாளிகள், காரிலிருந்து இறங்கும் மாப்பிள்ளை வீட்டார், அதட்டிக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் ஓடும் மாமனார். அங்கங்கே படம் கட்டம் கட்டமாக உடைந்து மறுபடி சேர்ந்தது. ஒரு கட்டத்தில் மாமனார் நேராகக் கேமராவை நோக்கி வந்தார். திரை குலுங்கி, தரை தெரிந்து, கூரை தெரிந்தது. அன்று அவர் கேமராவைப் பிடுங்கியது ஏன் அக்காவுக்கு ஞாபகம் இருந்தது. கேமராவை ஓடவிடாமலே படம் பிடிப்பதாகப் பாவனை செய்தார் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

படம் நேரானது. திரையில் அவள் நின்றாள். கலைந்த தலை, கழுத்தில் தொங்கும் வயர்கள், முகமெல்லாம் வியர்வை. மூலையில் மாமனாரின் கட்டைவிரல் பாதி மறைத்துக்கொண்டிருந்தது.

"மாமா, கீழ போட்டுடப் போறீங்க, குடுங்க!"

கேமராவுக்கு மிக அருகிலிருந்து, காதோடு பேசுவதுபோல் மாமனாரின் குரல் வந்தது. "எல்லாரும் வந்தாச்சும்மா இதுல. நீ ஒருத்திதான் எதுலயும் இல்ல. என் மூத்த பொண்ணு இல்லாம இது என்ன கல்யாணப் படம்? பேசாம கொஞ்சம் சிரி."

திரையில் இருந்தவள் சிரித்தாள். நாற்காலியில் இருந்தவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை இழுத்து அணைத்தாள்.

"இதை வெட்டினீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன்," என்றாள்.