பிள்ளை அழுதால் எழுந்து ஓடியவர்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஆஸ்பத்திரி. தைராய்டு பரிசோதனைக்குப் போயிருந்தேன். நான் குண்டானதற்குக் காரணம் பரோட்டா இல்லை, சுரப்பிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டால் வீட்டில் கொஞ்சம் மரியாதை கிடைக்குமே என்று ஆசை.

பக்கத்தில் சங்ககிரி லாரி டிரைவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சின்ன வயது. வலது கை மட்டும் வெயிலில் கறுத்திருந்தது. மடியில் பெரிய மல்லிகைப் பொட்டலம்.

“ஏனுங்க தம்பி, இத்தனை பூவா? ஊட்டுல சண்டைங்களா?” என்றேன்.

“தலைக்கு இல்லீங்கண்ணா. மாருல வச்சுக் கட்டுனா பால் வத்துமுங்க. கொழந்தை பொறந்த மறுநாளே தவறிருச்சுங்க.”

ஊரையே சிரிக்கவைப்பதாக நம்பியிருந்த நான், பொட்டலத்திலிருந்து கீழே உதிர்ந்த பூக்களைப் பொறுக்கிக் கொடுத்தேன்.

அப்போது வராந்தாவில் ஒரு பெண்ணின் கைக்குழந்தை அழுதது. டிரைவர் எழுந்து ஓடி, தன் மனைவி படுத்திருந்த அறைக் கதவைச் சாத்தினார். பிறகு அந்தக் குழந்தையைக் கேட்டு வாங்கி, வாசலுக்குத் தூக்கிப் போய்த் தட்டிக்கொடுத்தார். காலையிலிருந்து எந்தக் குழந்தை அழுதாலும் இப்படித்தான் என்றார் நர்ஸ். நானும் பின்னால் போனேன்.

“அழுகுற சத்தம் காதுல உழுந்தா நரம்பு மூளைக்குச் சொல்லுதாமுங்க. மூளை ரத்தத்துல சேதி அனுப்ப, பால் எறங்கிருதாமுங்க. டாக்டரம்மா சொன்னாங்க” என்றார். “சொந்தக்காரங்க எல்லாத்துக்கும் போன் போட்டுச் சொல்லிட்டனுங்கண்ணா. அவ ஒடம்புக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலீங்க.”

குழந்தை அவர் தோளில் தூங்கிவிட்டது. அதன் தாய் வந்து கை நீட்டினாள்.

“கொஞ்சம் பொறு கண்ணு. அங்க கதவு தொறந்து கெடக்குது” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். கதவு சாத்தித்தான் இருந்தது.