நான் சொல்லி அவள் எழுதிய ‘இல்லை’

அன்னவாசல் பக்கத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தில் டாக்டராக இருக்கிறேன். மாட்டு டாக்டர்தான் என்றாலும் கெஜட்டட் ஆபீசர் என்பதால், சில நாள் ஆடு மாடுகளைவிடக் கையெழுத்துக்கு வருகிறவர்கள் அதிகம். ‘இவரை எனக்கு மூன்று ஆண்டுகளாகத் தெரியும், இவர் நன்னடத்தை உடையவர்’ என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள். முக்கால்வாசிப் பேரை அன்றைக்குத்தான் பார்த்திருப்பேன். மாடு முட்டுமா என்று கேட்டால் கிட்டே போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். மனிதர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

அவளை மட்டும் நிஜமாகவே தெரியும். அம்மாவும் அவளுமாக ஆறேழு வெள்ளாடு வைத்துப் பிழைப்பவர்கள். இன்சூரன்ஸ் இல்லாத ஆடு ஒன்று செத்தபோது, இன்சூரன்ஸ் உள்ள ஆட்டின் காது வில்லையைக் கழற்றி இதற்கு மாட்டிப் பணம் வாங்கிக்கொள்ளச் சொல்லி யாரோ யோசனை கொடுத்திருக்கிறார்கள். அதை என்னிடமே வந்து சொல்லிச் சிரித்தாள். ஆட்டைப் புதைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

போன வருஷம் காவலர் வேலைக்கு எழுதினாள். எழுத்து, ஓட்டம், மருத்துவம் எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். நன்னடத்தைச் சான்றில் நான் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்ட பிறகு, இன்னொரு படிவத்தை மேசையில் விரித்தாள். ‘உங்கள் மீது எப்போதாவது வழக்கு இருந்ததா?’ என்று ஒரு கட்டம்.

“சார், தண்ணி வரலைன்னு கொடத்தோட ரோட்டுல ஒக்காந்தோம்ல, அப்ப எம்பேரையும் சேத்துத்தானே கேஸ் போட்டாங்க. ஆமான்னு எழுதட்டுமா?”

ஊரே உட்கார்ந்த மறியல் அது. அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. வழக்கைப் பிறகு அரசாங்கமே கைவிட்டுவிட்டது.

“முடிஞ்சுபோன கேஸும்மா அது. வேலியில போற ஓணானை எடுத்து ஏன் மடியில விட்டுக்கிற? இல்லைன்னு எழுது” என்றேன்.

ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு, படித்தவர் சொல்கிறார் என்று எழுதிவிட்டாள்.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. வழக்கு விவரத்தை மறைத்ததால் அவளை நன்னடத்தை உடையவராகக் கருத இயலவில்லை, எனவே தெரிவு நிராகரிக்கப்படுகிறது என்று இருந்தது. மூன்று முறை படித்தேன். யார் மேல் கோபப்படுவது? எழுதியிருப்பது பொய்யும் இல்லை. அவள் மறைத்தது உண்மைதானே.

அவளைப் புதுக்கோட்டையில் ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனேன். உத்தரவைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஏம்மா, கேஸ் இருந்தது ஒரு விஷயமே இல்ல. கைவிட்ட கேஸ்தானே. ஆமான்னு எழுதியிருந்தா இந்நேரம் டிரெய்னிங்ல இருப்ப. மறைச்சதுதான் இப்ப குத்தமா நிக்குது.”

அவள் தலையாட்டினாள்.

“சரி, யாராச்சும் வெவரமான ஆளு, ஆபீசரு, இப்படி எழுதச் சொன்னாங்களா? அவுக ஒரு அஃபிடவிட் குடுத்தா மதுரை கோர்ட்டுல வாதாடிப் பாக்கலாம். கெடைக்கும்னு சொல்ல மாட்டேன். ஒரு வழி இருக்கு, அம்புட்டுதான்.”

எனக்கு ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருந்தது. வழக்கு இருப்பது தெரிந்தே இல்லை என்று எழுதச் சொன்னேன் என நானே எழுதிக்கொடுத்தால் முதலில் மெமோ வரும், பிறகு விசாரணை, பென்ஷன் நிற்கும். இவ்வளவும் ஒரு நொடியில் மனசுக்குள் ஓடிவிட்டது. அந்த வேகத்தை நினைத்தால் இப்போதும் அசிங்கமாக இருக்கிறது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கப் பார்த்தேன். திறந்த மாதிரிகூட நினைவு. சத்தம்தான் வரவில்லை.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

“யாரும் சொல்லல சார். நானாத்தான் எழுதுனேன்” என்றாள்.

“அப்ப ஒண்ணும் பண்றதுக்கில்லம்மா” என்று வக்கீல் காகிதங்களை மடித்து அவள் கையில் கொடுத்தார். நான் எழுந்து அவருக்கு வணக்கம் சொன்னேன்.