பத்துத் தென்னங்கன்றுகளும் ஒரு பேத்தியும்

இரண்டு வாரத்துக்கு முன் என் மகள் கமலா திருவேட்டக்குடியிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றிய கையோடு சொன்னாள்: "அப்பா, அந்தத் தென்னங்கன்னுங்களைப் பத்தி நீங்களே வந்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மூணு வருஷமா நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

கேட்டுக்கொண்டிருப்பது மாமியாரின் பேச்சை.

ஏழு வருஷத்துக்கு முன், அவளுக்குக் கல்யாணமான வருஷம், பத்துத் தென்னங்கன்றுகளைச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பினேன். எங்கள் ஊர் தலத்தெருவில், என் கொல்லையில், விவசாய ஆபீசில் கன்று வாங்கி நட்ட இரண்டு நெட்டைக்குட்டை மரங்கள் நிற்கின்றன. நெட்டை மரத்தையும் குட்டை மரத்தையும் கலந்து உண்டாக்கிய ரகம். சீக்கிரம் காய்க்கும், நிறையக் காய்க்கும். அவற்றின் காய்களைத்தான் முளைக்கப் போட்டேன். நல்ல மரத்தின் பிள்ளை நல்ல மரமாகத்தானே இருக்கும்?

இல்லை. பத்தும் பத்து விதம். ஒன்று கைக்கு எட்டும் உயரத்திலேயே காய்த்தது. நாலு மரங்கள் வானத்தைப் பார்த்துப் போய்க்கொண்டே இருக்கின்றன — இன்னும் பாளை வரவில்லை. ஒன்றில் செவ்விளநீர்!

நல்லதைத் தன் கொல்லையில் வைத்துக்கொண்டு கழிசலை அனுப்பிவிட்டார் என்பது சம்பந்தியம்மாவின் தீர்ப்பு. நான் அங்கே இல்லை. தண்டனை கமலாவுக்கு.

விவசாய ஆபீசுக்குப் போனேன். அதிகாரி ஒரு தாளில் நாலு கட்டம் போட்டார். ஒவ்வொரு செல்லிலும் ஒரு குணத்துக்கு இரண்டு ஜீன்களாம். தாய் தந்தது ஒன்று, தகப்பன் தந்தது ஒன்று. முதல் கலப்பில் ஒன்று முன்னால் நிற்கும், மற்றது பின்னால் ஒளிந்துகொள்ளும். மரமெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அந்த மரங்களின் காயைப் போட்டால்... சீட்டுக்கட்டைக் கலைத்த மாதிரிதான். ஒளிந்திருந்தது வெளியே வரும்.

"விதைக்கு ஆகாதுன்னு கன்னு குடுக்கறப்பவே சொல்லியிருப்போமே சார்?"

சொல்லியிருந்தார்கள். பழைய டைரியில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: 'காய் சமையலுக்கு மட்டும்.' அடிக்கோடு வேறு. எழுதிவைப்பதில் நான் புலி. எழுதியதைப் படிப்பதில்...?

ஞாயிற்றுக்கிழமை டைரியோடு சம்பந்தி வீட்டுக்குப் போனேன். எல்லோரையும் உட்காரவைத்து நாலு கட்டம் போட்டேன். பொறுக்கி அனுப்பவில்லை, புரியாமல் அனுப்பினேன், தப்பு முழுவதும் என்னுடையது என்றேன். சம்பந்தியம்மா வாய் திறக்கவில்லை.

ஆறு வயதுப் பேத்தி திறந்தாள். "தப்பு பண்ணினது தாத்தா. அம்மாவை ஏன் திட்டுனீங்க அப்பாயி?"

கமலா தலையைக் குனிந்துகொண்டாள்.

சம்பந்தியம்மா அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒளிஞ்சிருக்கறது ரெண்டாவது தலைமுறையிலதான் வெளியில வருமா, சம்பந்தி?"

"ஆமாங்க."

"அதான் பாத்தேன். இவளுக்கு இந்த வாய் எங்கேருந்து வந்துதுன்னு."

அவர் கணவர், என் சம்பந்தி, நிதானமாகச் சொன்னார்: "எங்கேருந்துன்னு எனக்குத் தெரியும். சொன்னா இன்னைக்குச் சாப்பாடு கிடைக்காது."

முதலில் சிரித்தது சம்பந்தியம்மாதான். பிறகு எழுந்தார். "கமலா, அப்பாவுக்கு இலை போடும்மா."

அந்த 'ம்மா'வை அந்த வீட்டில் நான் கேட்டது இதுதான் முதல் தடவை. ஏழு வருஷமாக எந்தச் செல்லுக்குள் ஒளிந்திருந்ததோ!