மதினி பிடித்த பிடி

என் அண்ணனின் கழுத்தில், வலது காதுக்குச் சற்றுக் கீழே, நகம் கிழித்த தழும்பு ஒன்று இருக்கிறது. முடி வெட்டிக்கொண்டு வரும் நாட்களில்தான் அது வெளியே தெரியும். அப்போதெல்லாம் மதினி அந்தப் பக்கம் பார்க்காமல் ஏதாவது வேலையில் கையை வைத்துக்கொள்வார். அது அவருடைய நகம் பட்ட இடம். அன்று காலை மாடிப்படியில் அவர் பிடித்த பிடியால்தான் அண்ணன் இன்று உயிரோடு இருக்கிறான். அதே பிடியால்தான் எங்கள் கீழ் வீட்டு மராத்திக்காரர், நாங்கள் காகா என்று கூப்பிட்டவர், செத்துப்போனார் என்று சொல்பவர்களும் அந்தக் கட்டிடத்தில் இருக்கிறார்கள்.

தாத்தா காலத்தில் கண்டோன்மென்ட் வேலைக்கென்று திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புனேவுக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. எங்கள் தமிழில் பாதி இந்தி. மதினி பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணமாகி வந்த பிறகு சிஞ்ச்வட்டில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்தார். ஆபத்து வருவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுவதுதான் அவருக்கு வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்ணை அவரால் மூட முடியவில்லை. ஒரு கல்யாணத்துக்குப் போனால், பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பதற்கு முன் அவர் கண் இரண்டாவது வாசலைத் தேடும். “இந்த ஹாலுக்கு இன்னொரு வழி எங்கன இருக்கு?” என்று சமையல்காரரிடம் போய்க் கேட்பார். அது பூட்டியிருந்தால், திறந்துவைத்த பிறகுதான் சாப்பிட உட்காருவார். காற்று அடிக்கும் நாளில் மரத்தடியில் வண்டியை நிறுத்த விடமாட்டார். வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, தட்டைப் போட்டு மூடிவிட்டு அடுப்பை அணைக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அண்ணன் அவருக்கு வைத்திருந்த பெயர் சைரன்.

அவர்களோடு தங்கி நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து திரும்பி வந்து கதவைத் திறந்தோம். மழை இருட்டு. வீட்டுக்குள் கேஸ் வாடை. பழக்கத்தில் என் கை விளக்கு சுவிட்சுக்குப் போனது. மணிக்கட்டில் பட்டென்று ஓர் அடி விழுந்தது. “சுவிட்ச தொடாதட்டி. லைட்டும் வேண்டாம், ஃபேனும் வேண்டாம். போனை வெளிய வச்சிட்டு ஜன்னல தொற” என்று சொல்லிக்கொண்டே மதினி உள்ளே போய் ரெகுலேட்டரை மூடினார். வாடை முழுவதும் போகும்வரை எங்களைப் படிக்கட்டில் நிறுத்திவைத்தார். பசியில் எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் முகத்தைப் பார்த்தபோது எரிச்சல் போய்விட்டது. பயந்துபோயிருந்தார். அவ்வளவு நேரமும் அவர் காட்டிக்கொண்டிருந்தது கோபம் இல்லை, பயம் என்று அன்றுதான் புரிந்தது.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தொழிற்சாலையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய ஒருவர் விஷவாயு தாக்கி மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க அவருடைய நண்பர் இறங்கினார். அவரைத் தூக்க இன்னொருவர். ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தவர்களை மதினி மேலே நின்று பார்த்திருக்கிறார். “மொத ஆளு தெரியாம இறங்கினாரு. மத்தவங்க பாசத்துல இறங்கினாங்க. பாசத்துல இறங்குறவங்களத்தான் தடுக்கவே முடியாது” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அண்ணன் பாசத்தில் இறங்குகிற ஆள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், நல்ல நீச்சல்காரன். கடக்வாஸ்லா அணைக்குச் சுற்றிப்பார்க்கப் போன இடத்தில், தண்ணீரில் தத்தளித்த கல்லூரிப் பையன் ஒருவனைக் குதித்து இழுத்துவந்திருக்கிறான். கரையில் எல்லாரும் கை தட்டினார்கள். மதினி மட்டும் தட்டவில்லை. வண்டியில் இருந்த காலி பிளாஸ்டிக் கேனைக் கயிற்றில் கட்டி வீசியிருக்கலாம், குதித்தது கடைசி வழியாக இருந்திருக்க வேண்டும் என்று வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தார். அண்ணன் சிரித்தான். அவன் வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான்.

எங்கள் கட்டிடம் முட்டா ஆற்றங்கரைக்குப் பக்கத்தில், தாழ்வான இடத்தில் இருந்தது. அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. அணை நிரம்பிவிட்டது, தண்ணீர் திறக்கப் போகிறார்கள், கரையோரத்தில் இருப்பவர்கள் கவனமாக இருக்கவும் என்று சாயங்காலமே எங்கள் குடியிருப்பு சொசைட்டியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. அதன் கீழே சிலர் கைகூப்பும் படம் போட்டார்கள். ஒருவர் படகுப் படம் போட்டார். இந்த மழைக்குச் சூடான வெங்காயக் காந்தாபஜியும் சாயும் இருந்தால் எப்படி இருக்கும் என்று இன்னொருவர். மதினி அதையெல்லாம் படித்துவிட்டு வண்டியைக் கொண்டுபோய் மேட்டுத் தெருவில் நிறுத்திவிட்டு வந்தார்.

காலையில் முதலில் பொங்கியது சாக்கடை மூடியின் ஓட்டைகளில்தான். தண்ணீர் ஓடி வரவில்லை. சத்தமும் இல்லை. காப்பி நிறத்தில் அது வண்டி நிறுத்தும் இடமெங்கும் படுத்துப் பரவியது. ஒரு தடவை உள்ளே போய்விட்டு வந்து பார்த்தால் ஒரு விரற்கடை ஏறியிருந்தது. மதினி கீழ் வீடுகள் எல்லாவற்றின் கதவையும் தட்டினார். மாத்திரை மருந்து, முக்கியமான பேப்பர்கள், குடிதண்ணீர், இவை போதும், டிவி கெட்டால் கெடட்டும், மேலே வந்துவிடுங்கள் என்று மராத்தியில் கெஞ்சினார். சிலர் முணுமுணுத்தார்கள். உடனே கிளம்பியவர் காகாதான். ஓய்வு பெற்ற மனிதர். ஞாயிறு மதியங்களில் அண்ணனோடு கேரம் ஆடுவார். மதினியைக் கலெக்டர் என்று கூப்பிடுவார். “கலெக்டர் சொல்லிவிட்டார், நடங்கள்” என்று தன் மனைவி காகியையும் அழைத்து, சாமி படங்களும் ஒரு பையுமாக எங்கள் முதல் மாடிக்கு வந்துவிட்டார்.

மீட்டர் பெட்டிகள் எல்லாம் கீழே, தண்ணீர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் இருந்தன. மெயினை அணைக்க இனி யாரும் அங்கே போக முடியாது. மின்சாரத்தை வெளியிலிருந்து நிறுத்தச் சொல்லி மதினி போனில் மாறி மாறி முயன்றுகொண்டிருந்தார். எங்கள் படிக்கட்டின் பல்பு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. அதைக் காட்டி, “கரண்ட் இன்னும் இருக்கு. நிறுத்திட்டோம்னு அவங்க வாயால சொல்ற வரைக்கும் யாரும் தண்ணில கால் வைக்கக் கூடாது” என்று மூன்று மொழியிலும் சொன்னார்.

காகியின் இன்சுலின் கீழ் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே இருந்துவிட்டது. பையைக் கொட்டித் தேடிய காகி அதைச் சொன்னபோது மதினி மேல் படியில் போனோடு நின்றுகொண்டிருந்தார். காகா வேட்டியை மடித்துக்கொண்டார். “தோன் மினிட்”, இரண்டே நிமிடம் என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினார். நான் மதினியைக் கூவி அழைத்தேன். அவர் பாய்ந்து வந்து, “காகா, நக்கோ! நக்கோ!” என்று அலறினார். வேண்டாம், வேண்டாம் என்று. முழங்கால் அளவுத் தண்ணீரில் தன் வீட்டு வாசல்வரை போய்விட்டிருந்த காகா திரும்பிப் பார்த்து, ஒன்றும் ஆகாது என்பதுபோல் சிரித்தார். சிரித்துக்கொண்டே கதவின் இரும்புக் கம்பியில் கை வைத்தார்.

அவர் கத்தவில்லை. மின்சாரம் தாக்கினால் மனிதன் கத்துவான் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். பேச்சை நடுவில் நிறுத்திக்கொண்டவர்போல ஒரு கணம் நின்றார். பிறகு பக்கவாட்டில் சரிந்து தண்ணீரில் விழுந்தார்.

அண்ணன் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான். கடைசிப் படிக்கு முன் மதினி பின்னாலிருந்து அவன்மேல் விழுந்து கழுத்தைக் கட்டிப்பிடித்தார். இருவரும் படியில் உருண்டார்கள்.

“விடுட்டி! இந்தா கிடக்காரு! நாலு எட்டுதான்!”

“இறங்காதிய! தண்ணி பூரா கரண்டு! நீங்களும் செத்துருவிய!”

“முங்குதாரு, விடு!”

“விட மாட்டேன். அடிச்சாலும் விட மாட்டேன்.”

அண்ணன் நிஜமாகவே அடித்தான். முழங்கையால், கண்மூடித்தனமாக. மதினியின் உதடு கிழிந்தது. பிடி தளரவில்லை. அந்த நிலையிலும் என்னைப் பார்த்து, “ஏட்டி, பால்கனில மூங்கில் கம்பு கிடக்கு, ஓடு” என்றார். கொண்டுவந்தேன். ஒரு வாரச் சாரலில் அது ஊறிப்போயிருந்தது. தொட்டுப் பார்த்தவர், “ஈரம்” என்று தூர எறிந்தார். மேலே காகி மராத்தியில் எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யாராவது போங்களேன், யாராவது போங்களேன். ஒருவரும் போகவில்லை. எல்லாருடைய கண்ணும் பல்பில் இருந்தது. காகாவின் வெள்ளைச் சட்டை காற்று புகுந்து உப்பி மிதந்தது.

பல்பு அணைந்தது. அப்போதும் மதினி விடவில்லை. படியில் விழுந்து கிடந்த அவர் போனில் ஒரு குரல் நிறுத்தியாயிற்று என்று சொல்லக் கேட்ட பிறகே கையை எடுத்தார். எடுத்ததும் முதலில் தண்ணீரில் இறங்கியவர் அவர்தான். இருவருமாகக் காகாவைத் தூக்கிவந்து படித்தளத்தில் கிடத்தினார்கள். மதினி முழங்காலிட்டு அவர் நெஞ்சை இரு கையாலும் அழுத்த ஆரம்பித்தார். கை ஓய்ந்தபோது அண்ணன் அழுத்தினான். அவன் ஓய்ந்தபோது மறுபடி மதினி. ரப்பர் படகில் ஆட்கள் வந்து, போதும் என்று தோளைத் தொடும்வரை நிறுத்தவில்லை. காகா அப்படியேதான் கிடந்தார்.

மூன்றாம் மாடியில் இருந்த ஒருவர் அதே இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் அது இருந்தது. யாரும் கேட்கவில்லை. மதினி அதன்பிறகு பிறருக்குச் சொல்லும் புத்திமதிகளில் இது ஒன்று சேர்ந்துகொண்டது: எதற்காகவும் இறங்குவதற்கு முன், அது மேலே யாரிடமாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும்.

மின்சார வேலைக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டு, அந்த நேரத்தில் யார் இறங்கியிருந்தாலும் தப்பியிருக்க முடியாது என்றார்கள். கட்டிடம் அதைக் கேட்டுக்கொண்டது. ஆனாலும் மதினி வரும்போது படிக்கட்டில் பேச்சு நின்றது. அண்ணன் நீச்சலுக்குப் போவதை விட்டுவிட்டான். மதினியிடம் உப்பு, பால், சாவி என்று ஒற்றைச் சொல்லாகத்தான் பேசினான். ஒருநாள் நான் அவனிடம் சண்டை போட்டேன். “அவ செஞ்சது சரிதான், ஏட்டி. எனக்குத் தெரியாதா?” என்றான். பிறகு, “நான் சும்மாயிருந்திருந்தா அவ பிடிச்சிருக்கவே வேண்டாமே. காகா சாவுறதப் பாத்துக்கிட்டு அவ மடியில கிடந்தேன். அதத்தான் தாங்க முடியல” என்றான்.

காகி மகள் வீட்டுக்குப் போய்விட்டுச் சில மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தார். ஒரு மதியம் மதினியும் நானும் காய்கறிப் பையோடு படியேறும்போது, தன் வாசலில் நின்று மராத்தியில் கேட்டார்: “ஒன்று மட்டும் சொல். உன் புருஷன் விழுந்திருந்தால், நீ இப்படி நின்றிருப்பாயா?”

மதினி பையைக் கீழே வைத்தார். வெகுநேரம் யோசிக்கவில்லை.

“நின்றிருக்க மாட்டேன் காகி. இறங்கியிருப்பேன். என்னை யாராவது பிடித்திருக்க வேண்டும்.”

காகி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மதினி அன்று சமைக்கவில்லை.

நான் இப்போது புனேவிலேயே ஔந்தில் உயரமான ஒரு கட்டிடத்தில் இருக்கிறேன். மழையை ஜன்னலுக்கு வெளியே மட்டும் பார்க்கும் வாழ்க்கை. இந்த வருடமும் அணை நிரம்பிய செய்தி வந்தது. மனம் கேட்காமல், மழை வலுப்பதற்கு முன்பே அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். குழுவில் யாரும் படகுப் படம் போடவில்லை. கீழ் வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஏற்கெனவே மேலே வந்துவிட்டிருந்தார்கள். தண்ணீர் அதே நிறத்தில், அதே மாதிரி சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. மதினி மேல் படியில் நின்று போனில் எங்கள் கட்டிடத்தின் விலாசத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மின்சாரம் இன்னும் நிற்கவில்லை.

வெளியே, மதிலுக்கு அந்தப் பக்கம், யாரோ கூப்பிடுவதுபோலக் கேட்டது. மனிதக் குரலா, மழையா என்று தெரியவில்லை. அண்ணன் எழுந்து இறங்க ஆரம்பித்தான். மதினியின் பேச்சு பாதியில் நின்றது. அவர் அசைவதற்குள், நனையாத கடைசிப் படியில் குறுக்காக உட்கார்ந்திருந்த காகி கையை நீட்டி அண்ணனின் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் அவரைத் தாண்டிப் போகவில்லை. மெல்லக் குனிந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

எல்லாரும் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு இருந்தோம். குரல் மறுபடி வரவில்லை. தண்ணீர் அவர்கள் உட்கார்ந்திருந்த படியைத் தொட்டது. காகி சட்டையை விடாமலே எழுந்து, அவனையும் இழுத்துக்கொண்டு ஒரு படி மேலே உட்கார்ந்தார்.